ஈயமா, உருக்கா? வெலிமடைத் துவக்குக்கு எந்தச் சன்னம்

வெலிமடைப் பக்கம் போஞ்சியும் உருளைக்கிழங்கும் போடுகிற என் மாமாவிடம் ஒரு பழைய 12 போர் ரகத் துவக்கு இருக்கிறது. பயிர்க் காவலுக்கென்று அனுமதி எடுத்தது. நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய மருமகன், "அங்க ஈயச் சன்னத்தைப் பத்திப் பெரிய சண்டையே நடந்திச்சு மாமா, நீங்களும் உருக்குக்கு மாறிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மாமா என்னைக் கேட்டார்: "மாறலாமா தம்பி?" அவருக்குச் சொன்ன பதில்தான் இது. துவக்கு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும், வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் குடியேறிய நம்மவர்களுக்கும் உதவும்.

பறவையிலிருந்து தொடங்க வேண்டும். ஈயமா உருக்கா என்ற கேள்வி பிறந்ததே பறவை வேட்டையில்தான். ஊவாவில் அந்த வேட்டைக்கு நீண்ட கதை உண்டு. துரைமார் பத்தனைப் புல்வெளியில் கௌதாரியையும், வயலில் உள்ளானையும், காட்டோரத்தில் காட்டுக்கோழியையும் சுட்டார்கள். பதுளை புனித மாற்கு தேவாலயத்தில் நினைவுக்கல் உள்ள மேஜர் ரொஜர்ஸ் யானைகளையே ஆயிரத்துக்கு மேல் கொன்றவர் என்று பேர் எடுத்தவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். காடு வெறுமையாவதை முதலில் கண்டவர்களும் வேட்டைக்காரர்கள்தான். அவர்கள் 1894இல் தொடங்கிய சங்கமே இன்று வனசீவராசிகள் பாதுகாப்புக்காகப் பேசுகிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தபின் அந்தக் காலம் படிப்படியாக முடிவுக்கு வந்தது. காட்டுக்கோழி நம் தேசியப் பறவை. வண்ணக் கௌதாரி இலங்கையில் ஊவாவின் பத்தனைகளை நம்பி வாழ்கிற பறவை. இரண்டையும் சுடுவது குற்றம். ஆகவே வெலிமடையில் பறவைக்கு எந்தச் சன்னம் என்று கேட்டால் ஒரே பதில்: எதுவும் இல்லை.

மிஞ்சுவது பன்றி. அதற்கும் மேலே, துவக்கை வெடித்துக் கூட்டத்தைக் கலைக்கும் வேலை. அதற்காகத்தான் சன்னத்தின் குணம் தெரிய வேண்டும்.

ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 11.3 கிராம். உருக்குச் சன்னம் என்பது உண்மையில் மென்மையான இரும்பு, அதற்கு 7.8 தான். ஒரே பருமனுள்ள இரண்டு குண்டுகளில் இரும்பு இலேசு. இலேசான குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். அதனால் உருக்குக்கு மாறுகிறவர்கள் இரண்டு எண் பெரிய சன்னமாக எடுப்பார்கள்: ஈயத்தில் 6ஆம் இலக்கம் என்றால் உருக்கில் 4ஆம் இலக்கம். (எண் குறையக் குறைய சன்னம் பெரிசு, கடையில் புதிதாக வாங்குகிறவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள்.) பெரிய சன்னமானால் ஒரு தோட்டாவில் எண்ணிக்கை குறையும். அதைச் சரிக்கட்ட உருக்குத் தோட்டாவை அதிக வேகத்தோடு அனுப்புகிறார்கள். ஆனாலும் தூரம் போகப் போக ஈயத்துக்குத்தான் பலம். உருக்கோடு போகிறவர் முப்பது, முப்பத்தைந்து மீற்றருக்குள் நிற்கப் பழக வேண்டும்.

உருக்குக்கு ஒரு நன்மை உண்டு. ஈயச் சன்னம் வெடிக்கும்போதே நசுங்கி, கோணலாகிச் சிதறும். உருக்கு உருண்டையாகவே போகும். அதனால் சன்னக் கூட்டம் இறுகி விழும். இந்த நசுங்காத குணத்தின் மறுபக்கம்தான் குழலுக்கு ஆபத்து. சோக் என்று சொல்லும் வாயொடுக்கத்தை ஈயம் நசுங்கிக் கடந்துவிடும்; உருக்கு நசுங்காது. முழு ஒடுக்கமுள்ள குழலில் கடினமான சன்னத்தை வெடித்தால் வாய்ப்பக்கம் வீங்கலாம். சன்னம் குழலில் உரசாமல் இருக்கத் தடித்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டுத்தான் உருக்குத் தோட்டா செய்கிறார்கள்.

எனவே கடைக்குப் போகுமுன் துவக்கைப் பாருங்கள். தோட்டா அறையின் நீளம் குழலில் குறித்திருக்கும். பழைய ஆங்கிலத் துவக்கென்றால் பெரும்பாலும் 65 மில்லிமீற்றர், புதியவற்றில் 70. நீளமான தோட்டா சிறிய அறையில் நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது வாய் திறக்க இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இந்தத் தவறு எந்தச் சன்னத்திலும் நேரும்; உருக்கில் விளைவு மோசம். குழலின் மேல் பாம்புத்தோல் போலச் சுருள் வரி தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பும் உருக்கும் சேர்ந்த கீற்றுகளைச் சுற்றி அடித்து ஒட்டிய குழல் அது. அதில் உருக்குச் சன்னமே கூடாது. பலமான உருக்குத் தோட்டாவுக்குச் சோதித்த துவக்கில் ஐரோப்பியச் சோதனை நிலையம் லில்லிப் பூ முத்திரை அடித்திருக்கும். அந்தப் பூ இல்லாவிட்டால், குறைந்த வேகச் சாதாரண உருக்கும், அரை ஒடுக்கம் அல்லது அதற்குக் குறைவும் மட்டுமே. அனுமதியில்லாமல் உள்ளூரில் செய்த இடியன் துவக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது சட்டத்துக்கும் பொருந்தாது, கைக்கும் பொருந்தாது.

வெளிநாட்டுக் கட்டுரைகளில் அதிகம் வராத ஒரு விஷயம் நம் மலைக்கு முக்கியம். வெலிமடையில் நிலம் சமதரையில்லை. படிப்படியாக வெட்டிய பாத்தி, அதற்குக் கல்லுக்கட்டு, கீழே கான், கானுக்கு அப்பால் இன்னொருவருடைய மரக்கறித் தோட்டம், அதற்குக் கீழே லயம். உருக்குச் சன்னம் கல்லில் பட்டால் ஈயம் போல அடங்காது. தெறித்து எங்கோ போகும். விடியற்காலையில் கொழுந்துக்குப் போகிறவர்களும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் நடக்கும் வழிகள் இவை. சமவெளியில் உருக்கு சரி என்று தீர்ப்புச் சொல்லுகிறவனும், கல்லுக்கட்டுக்கு எதிரே நின்றால் சொல்லமாட்டான்.

அப்படியானால் ஈயமே நல்லதா? இல்லை. ஈயம் நஞ்சு என்பதில் சந்தேகமே கிடையாது. இரத்தத்தில் ஈயம் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அது மூளையைத் தொடும். பறவைகள் இரைப்பையில் தானியத்தை அரைக்கச் சிறு கல் விழுங்கும். சன்னத்தையும் கல்லென்று எண்ணி விழுங்கும். அரைபட்டுக் கரைந்த ஈயம் இரத்தத்தில் ஏறும். வட அமெரிக்காவில் வாத்துகள் இப்படிச் செத்ததைக் கண்டுதான் ஐக்கிய அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தை நாடு முழுக்கத் தடை செய்தது. நம் வயல்களுக்கு மாரியில் வரும் உள்ளானும் சேற்றைக் கிளறித் தின்கிற பறவைதான். தேயிலை நிலம் புளிப்பு மண். புளிப்பில் ஈயம் வேகமாகக் கரையும். மரக்கறிக்காரர் டொலமைட் போட்டுப் புளிப்பைக் குறைத்தாலும், ஆண்டுக்கு ஆண்டு அதே பாத்தியில் சுட்டால் ஈயம் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இறைச்சிதான் எனக்குப் பெரிய கவலை. சன்னம் பட்ட இடத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்குகள் சதையில் ஊடுருவி நிற்கும். சன்னத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டால் ஈயமும் போய்விட்டது என்று நினைப்பது தவறு. நம் சமையலோ கொறக்காப் புளி போட்டு நீண்ட நேரம் கொதிக்கவிடும் சமையல். புளிப்பில் ஈயம் கரைந்து குழம்பில் இறங்கும். காடைக் கறியை வினாகிரியோடு சமைத்துப் பார்த்த ஆய்விலும் இதையே கண்டார்கள். ஈயத்தால் சுட்டதை வீட்டில் குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். உருக்கில் இந்த நஞ்சு இல்லை. அதில் பல் உடையும் அபாயம் மட்டும் உண்டு.

நோர்வே கதை என்ன? அங்கே 2005இல் ஈயச் சன்னத்தை முழுதாகத் தடை செய்தார்கள். பின்பு 2015இல், நீர்நிலைக்கு வெளியே, அதாவது மேட்டு நிலத்தில் மட்டும் மீண்டும் அனுமதித்தார்கள். உருக்கில் பறவை சாகாமல் காயத்தோடு தப்புகிறது என்பது வேட்டைக்காரர் சொன்ன காரணங்களில் ஒன்று. டென்மார்க்கிலோ 1996 முதல் ஈயச் சன்னமே கிடையாது. வேட்டைக்காரர் கிட்டப் போய்ச் சுடப் பழகிக்கொண்டார்கள். எனக்கு டென்மார்க்கின் பக்கம்தான் நியாயமாகத் தெரிகிறது. கனடாவில் இருப்பவர்கள் 1999இலிருந்தே பெரும்பாலான புலம்பெயர் பறவைகளுக்கு ஈயமில்லாச் சன்னம்தான் எடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சதுப்பு நிலங்களில் 2023 பெப்ரவரியிலிருந்து ஈயத்துக்குத் தடை. அந்த நாடுகளில் புதிய துவக்கு வாங்குகிறவர்கள் உருக்குச் சோதனை முத்திரையுள்ளதாக வாங்குங்கள். ஈயத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். பழைய துவக்கை விட மனமில்லாதவர்களுக்கு பிஸ்மத் இருக்கிறது. ஈயத்தைப் போல மென்மை, அடர்த்தியும் கிட்டத்தட்ட 9.6, குழலுக்கும் பாதுகாப்பு. ஆனால் விலை பல மடங்கு.

மாமாவின் துவக்கை நாங்கள் வெயிலில் வைத்துப் பார்த்தோம். சுருள் வரி இல்லை, லில்லிப் பூவும் இல்லை. இடது குழலில் முழு ஒடுக்கம். அறை 65. உருக்கு அதற்கு ஆகாது. பாத்திக்குள் எதையும் சுடாமல், மேலே உள்ள மண்மேட்டுப் பக்கம் திரும்பி நின்று வெடித்து வெருட்ட மட்டும் துவக்கு என்று முடிவு செய்தார். பறவைச் சன்னத்தால் பன்றியைச் சுடுவதில்லை. அது சாகாமல் காயத்தோடு காட்டுக்குள் போய், அடுத்த நாள் யார் மேலாவது பாயும். பன்றியைத் தடுக்க மின்வேலி; அதையும் சூரியசக்திப் பெட்டியோடுதான் போடுவது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது ஆளைக் கொல்லும், சட்டத்துக்கும் விரோதம்.

அன்று இரவே மாமா நோர்வேக்குப் போன் போட்டார். "குழல் ஒத்துக்காது தம்பி" என்றார். அப்புறம் கேட்டார்: "அங்க பழைய குழலுக்கெல்லாம் என்ன செய்றீங்க?"