நலிந்த பொருளாதாரமும் மின்னணுத் திறனும்

முன்னுரை

நாடு நலிவுறும்போது முதலில் அணைவது அன்றாடங்காய்ச்சிகளின் அடுப்பு. நாடு மீண்டெழும்போது கடைசியாக எரியத் தொடங்குவதும் அதுவே. இதற்குக் காரணம் உழைப்பின் குறைவன்று. புதிய கருவிகளைக் கையாளும் திறன் அவர்களிடம் காலத்தே சென்று சேராமையே காரணம் எனலாம். கொரோனா காலத்துத் திண்டுக்கல் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

வீழ்ச்சி

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியாவின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு வீழ்ந்தது. இது ஏட்டுக் கணக்கு. வீட்டுக் கணக்கு வேறு. கோயில்கள் அடைக்கப்பட்டன, திருமணங்கள் வீட்டுக்குள் சுருங்கின. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகையை வாங்க ஆளில்லை. என் தாயார் பூக் கட்டி விற்பவர். பூ விற்றால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். அந்த நாட்களில் ரேஷன் அரிசியே எங்களைக் காத்தது.

மீட்சியும் கருவியும்

கைப்பேசி வழியே வங்கிப் பணத்தை நொடியில் அனுப்பும் யு.பி.ஐ. முறை 2016-இல் தொடங்கப்பட்டது. 2020 ஏப்ரலில் சற்றேறக்குறைய 100 கோடி முறை பயன்பட்ட அது, அக்டோபரிலேயே மாதம் 200 கோடியைத் தாண்டியது. நோட்டைத் தொட அஞ்சிய மக்கள் கைப்பேசியை நாடியதும் இதற்கு ஒரு காரணம். 2020 ஜூன் 1 அன்று தெருவோர வணிகர்களுக்கான பி.எம். ஸ்வநிதி திட்டம் தொடங்கியது. முதற்கடனாக 10,000 ரூபாய் வரை ஈடின்றி வழங்கப்பட்டது. மின்னணு முறையில் பணம் பெறுவோருக்கு ஊக்கத்தொகையும் உண்டு.

கடைதோறும் தொங்கும் க்யூ.ஆர். அட்டை, 1994-இல் ஜப்பானில் மோட்டார் உதிரி பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கப்பட்டது. மூன்று மூலைகளிலுள்ள சதுரங்கள், அட்டை எப்பக்கம் திரும்பியுள்ளது என்பதைக் கேமராவுக்கு உணர்த்துகின்றன. அதில் பிழைதிருத்தும் கணிதமும் பொதிந்துள்ளது; உயர்ந்த நிலையில், ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் செய்தியை மீட்கலாம். பூக்கூடையின் ஈரத்தில் ஓரம் அழிந்த அட்டையும் வேலை செய்வது இதனால்தான். வகுப்பில் நாம் படிக்கும் பல்லுறுப்புக் கோவைகளே அங்கு உழைக்கின்றன!

கருவி வேறு, திறன் வேறு

அட்டை வந்துவிட்டால் போதுமா? ஒருநாள் மாலை ஒருவர் கைப்பேசியில் ஏதோ படத்தைக் காட்டி, "பணம் போயிருச்சும்மா" என்று சொல்லி எட்டு முழம் பூவை வாங்கிச் சென்றார். பணம் வரவில்லை. கணக்கோடு இணைந்த கைப்பேசி என் அண்ணனிடம், குறுஞ்செய்தியோ ஆங்கிலத்தில். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் தாயார், தம் பணம் வந்ததா என்பதைப் பிறரைக் கேட்டே அறிய வேண்டியிருந்தது. கையில் வாங்கிய காசை எண்ணத் தெரிந்தவருக்குக் கண்ணில் படாத காசை எண்ணத் தெரியவில்லை. இதுவே சிக்கலின் முடிச்சு.

ஆகவே, திறன் என்பது சில எளிய உண்மைகளை ஐயமற அறிவதே. பிறர் காட்டும் படம் ரசீது ஆகாது. நம் கணக்கில் வரவு ஏறியதா என்றே பார்க்க வேண்டும். பணம் அனுப்பத்தான் இரகசிய எண் தேவை. பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்தால் தாமதமின்றி 1930 எண்ணை அழைக்க வேண்டும். பட்டன் கைப்பேசி வைத்திருப்போருக்கும் 2022 மார்ச்சில் 123பே என்னும் வழி வந்துள்ளது. இவற்றைக் கற்க ஆங்கிலம் வேண்டியதில்லை. பொறுமையாகச் சொல்லித் தர ஒருவர் வேண்டும்.

தொழில்நுட்பத்தின் எல்லை

எல்லா நோய்க்கும் இது மருந்தன்று. திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் படத்தை இணையத்தில் உலகெங்கும் காட்டலாம். ஆனால் கையால் நெம்புகோல் இழைக்கும் தொழிலாளிக்கு நல்ல கூலி கிடைக்காவிடில், காட்டுவதற்குப் பூட்டே இராது. சின்னாளபட்டிச் சேலைக்கும் இது பொருந்தும். கைத்திறனுக்கு மின்னணுத் திறன் துணை நிற்கலாமே ஒழிய, மாற்றாக முடியாது.

முடிவுரை

கல்வி கிராமத்தின் வாழ்வோடு இணைய வேண்டும் என்ற நோக்குடன், நம் ஊருக்கு அருகே 1947-இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். நம் கல்லூரியில் என்னைப் போல் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் பலர். நாம் ஒவ்வொருவரும் ஒரு விடுமுறையில் இருவருக்கு இத்திறனைக் கற்பித்தால் எத்தனை வீடுகள் பயன்பெறும்! நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கலாம். அடுத்த இடர் எப்போது வரும் என்று எவரும் அறியார். அது வருமுன், தம் பணத்தைத் தாமே சரிபார்க்கும் ஆற்றல் ஒவ்வொரு கூடைக்காரருக்கும் கிட்டிவிட வேண்டும். மீட்சி என்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் துணிபு.