காது திடீரெனக் கேளாமற்போனால்

அதிகாலையில் பால்வெட்டுக்குப் புறப்பட எழுந்தவருக்கு ஒரு காதில் ஓசையே இல்லை; இரைச்சல் மட்டும் கேட்கிறது. வலியில்லை, சீழில்லை. குறும்பி அடைத்திருக்கும் என்றெண்ணிப் பூண்டெண்ணெய் காய்ச்சி ஊற்றிவிட்டு மரம் வெட்டப் போய்விடுகிறார். பாரோய் வட்டாரத்துத் தோட்டங்களில் நாம் அறிந்த பழக்கம் இது. எண்ணெயால் விளையும் கேட்டினும், அதை நம்பிக் கழிக்கும் நாள்களால் விளையும் கேடே பெரிது.

உட்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்பொன்று உண்டு. அதிலுள்ள நுண்ணிய மயிரணுக்களே ஓசையை நரம்புக்குச் செலுத்துகின்றன. இவ்விடத்தில் கோளாறு நேர்ந்து, மூன்று நாள்களுக்குள் செவிப்புலன் குன்றுவதைத் திடீர் நரம்புச் செவிடு என்பர். பெரும்பாலோர்க்குக் காரணம் புலப்படுவதில்லை.

வாயை மூடி 'ம்ம்' என்று முனகிப் பாருங்கள். கேளாத காதில் ஒலி பலமாகக் கேட்டால் அது வெறும் அடைப்பாக இருக்கலாம். நல்ல காதின் பக்கம் ஒலி சாய்ந்தால் நரம்புக் கோளாறு என்று ஐயுற வேண்டும். முடிவு செய்வது மருத்துவரின் செவிச் சோதனையே.

இதற்கு வழங்கப்படும் மருந்து ஸ்டீராய்டு. அமெரிக்காவில் 1980இல் வெளிவந்த ஆய்வொன்றில், அதை உண்டவர்களில் நூற்றுக்கு 61 பேரும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 32 பேரும் தேறினர். தானாகவே தேறுவோரும் உண்டு, மருந்துண்டும் தேறாதோரும் உண்டு என்பதை நாம் மறைக்கலாகாது. மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவதே முறை.

பிரெட்னிசோலோன் மாத்திரையை மருத்துவர் குறித்த நாள்வரை உண்டு, பின்னர் அவர் சொன்னபடி குறைத்து நிறுத்துவது ஒரு வழி. செவிப்பறையின் ஊடே ஊசியால் நடுக்காதில் மருந்து செலுத்துவது மற்றொன்று. 250 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி மாத்திரைக்குக் குறைந்ததன்று எனத் தெரிந்தது. மாத்திரை இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஆதலால் நீரிழிவுடையோர்க்கு ஊசி ஏற்றதாகலாம். மாத்திரையால் குணம் காணாதவர்க்கும், இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் ஊசி போடலாம். அளவைக் கூட்டினால் விரைவில் கேட்கும் என்று தாமாகவே இரட்டித்து உண்ணலாகாது. மிகையளவு கூடுதல் பயன் தரவில்லை என்று ஜெர்மனியில் நடந்த ஆய்வு காட்டியுள்ளது.

ஒரு காது மட்டும் கேட்பவருக்குப் பின்னால் வரும் லாரி எப்பக்கம் வருகிறது என்று புலப்படாது. ஆகவே அன்றே அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று, சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கைகால் தளர்ந்தாலோ உடனே 999ஐ அழையுங்கள். செவி மங்கிய நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.