கடல்நீர்த் தொட்டியில் கரிப்பை என்றைக்கும் இருக்க வேண்டுமா?

நம்பிக்கை: வடிகட்டியில் வைக்கும் செயலூட்டிய கரியையும் பாஸ்பேட் நீக்கியையும் எடுத்துவிட்டால் தொட்டி கெட்டுவிடும்.

உண்மை: மீனை விரைவில் கொல்வது அம்மோனியா. அதைக் கரியும் நீக்காது, பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு குருணையும் நீக்காது. லைவ் ராக் எனப்படும் உயிர்ப்பாறையிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்களே அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கரியின் வேலை வேறு: நீரை மஞ்சளாக்கும் கரிமப் பொருள்கள், சிகிச்சைக்குப் பின் தங்கும் பல மருந்துகள், மென்பவளங்கள் அண்டைப் பவளங்களை ஒடுக்க வெளிவிடும் வேதிப்பொருள்கள் ஆகியவற்றை அது பிடித்துவைக்கும். ஆகவே தொட்டியின் வயதையோ வழக்கத்தையோ பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இந்த வேலைகளில் எது இன்னும் மிச்சமிருக்கிறது என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பாக்டீரியா நிலைத்து, கழிவை நுரையாகப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும் ஒழுங்கான நீர்மாற்றமும் உள்ள தொட்டியில் பெரும்பாலும் எதுவும் மிச்சமிருப்பதில்லை.

நம்பிக்கை: பாஸ்பேட் பூஜ்ஜியத்துக்கு இறங்கினால் பாசி வராது, பவளம் செழிக்கும்.

உண்மை: பவளத் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிக்கே பாஸ்பரஸ் தேவை. நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் வறண்டுபோனால் வெப்பத்திலும் ஒளியிலும் பவளம் எளிதில் வெளிறும் என்று வீடன்மான் குழுவினர் 2013இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் காட்டினார்கள். சத்துகள் அற்றுப்போன தொட்டிகளில் டைனோபிளாஜெல்லேட்டுகள் பழுப்புச் சளியாகப் படர்வதையும் வளர்ப்போர் அறிவார்கள். பலர் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் பாஸ்பேட்டை இலக்காக வைப்பது இதனால்தான். குருணையை எடுத்தால் பாஸ்பேட் ஏறிவிடாதா என்று கேட்கலாம். ஏறலாம். தொட்டியிலுள்ள சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைத் தேக்கிவைத்து மெல்ல மெல்ல விடுவிப்பதால், எடுத்த மறுநாள் செய்யும் சோதனை எதையும் சொல்லாது. முதலில் பாதியை எடுத்துவிட்டு ஒரு மாதமாவது வாரந்தோறும் அளக்க வேண்டும். அளவு தொடர்ந்து ஏறினால், குருணையைத் திரும்பப் போடுவதற்கு முன் தீனியைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: கரி மலிவானது, கிடந்தால் கெடுதல் இல்லை.

உண்மை: நிறைந்துபோன கரி எதையும் பிடிக்காது. மஞ்சளித்த நீரில் புதுக் கரியை மொத்தமாகப் போட்டால் நீர் சட்டெனத் தெளிந்து, கூடுதல் ஒளி பாய்ந்து பவளத்தை வாட்டும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த கரியின் வழியே நீர் முழுவதையும் செலுத்தியபோது சர்ஜன் மீன்களின் தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் அரித்தது. எல்லாக் கரியும் அப்படிச் செய்யும் என்று இதற்குப் பொருள் இல்லை. காரணமில்லாமல் போடுவதும் ஒரு தலையீடுதான் என்பதே பொருள். மென்பவளமும் கல்பவளமும் நெருங்கி வளரும் தொட்டியில் கரிக்கு உண்மையான வேலை உண்டு. அங்கே அது இருக்கட்டும். மற்றவர்கள், கழுவிய கரியை ஒரு பையளவு கைவசம் வைத்துக்கொண்டு, மருந்து கொடுத்த பின்போ, வெள்ளைத் தட்டை மறுபக்கம் வைத்துத் தொட்டியின் நீளவாக்கில் பார்க்கையில் அது மஞ்சளாகத் தெரியும்போதோ போட்டால் போதும்.