ரம்மியில் விட்டது வங்கிக்குத் தெரியுமா?

கேள்வி: ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கிறேன். வயது 36. 2020 ஊரடங்கில் ஆலை மூடிக் கிடந்தபோது செல்போனில் ரம்மி ஆட ஆரம்பித்தேன். முதலில் கைக்காசு, பிறகு கிரெடிட் கார்டு, பிறகு லோன் ஆப். 2023 தீபாவளி போனஸ் மொத்தமும் ஒரே ராத்திரியில் போனது. அன்றோடு விட்டுவிட்டேன். கார்டு பாக்கி 1,40,000 ரூபாயை வங்கியில் பேசி 70,000 கட்டி 2024-ல் முடித்தேன். ஆப் கடன்களை மனைவியின் நகையை அடகு வைத்து அடைத்தேன். கார்டு விஷயம் மட்டும் அவளுக்கு இன்றுவரை தெரியாது. இப்போது அப்பா எழுதிக் கொடுத்த 3 சென்ட் இடத்தில் வீடு கட்ட 15 லட்சம் கடன் வேண்டும். எனக்குச் சம்பளம் 27,000, வங்கியில் ஏறுகிறது. மனைவிக்கு சிவகாசி அச்சகத்தில் 12,000, பாதி ரொக்கம். சிபில் மதிப்பெண் 668. சூதாடியவனுக்கு வங்கி கடன் தருமா? பழையதைக் கிளறி வழக்கு ஏதும் வருமா?
– பெயர் வேண்டாம், ஆமத்தூர்

பதில்: முதலில் வழக்கு பயத்தை விடுங்கள். 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்து கொடுப்பவர் ஆகியோரைத்தான் தண்டிக்கிறது. ஆடி ஏமாந்தவரை அல்ல. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆடுபவருக்கும் தண்டனை உண்டு. ஆனால் அந்தச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்டதை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கடன் கேட்டு வருகிறவரின் பழைய ஆட்டத்தைக் காவல் நிலையத்துக்குச் சொல்வது வங்கியின் வேலையும் இல்லை.

சிபில் அறிக்கையில் சூதாட்டம் என்று ஒரு கட்டம் கிடையாது. அது விட்டுப் போன தடம்தான் இருக்கும். அந்தத் தடத்தில் மோசமானது நீங்கள் ‘முடித்தேன்’ என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கார்டுதான். பாதி வாங்கிக்கொண்டு வங்கி விட்டுக்கொடுத்த கணக்கு அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று நிற்கும். முழுதாகக் கட்டி முடித்த கணக்குதான் ‘குளோஸ்டு’. வீட்டுக் கடன் அதிகாரி 668-ஐப் பார்ப்பதற்கு முன்பே இந்த ஒரு சொல்லில் நின்றுவிடுவார். மதிப்பெண் இவ்வளவு இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த எல்லையும் வைக்கவில்லை. ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது.

எனவே, வீட்டுக்கென்று ஏதாவது சேர்த்து வைத்திருந்தால் அதிலிருந்து 70,000 ரூபாயை எடுத்துக்கொண்டு கார்டு கொடுத்த வங்கிக்குப் போங்கள். விட்டுக்கொடுத்த பாக்கியைக் கட்டிவிடுகிறேன், கணக்கை முழுதாக மூடிக் கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வட்டி, அபராதம் என்று ஏதாவது சேர்த்துச் சொல்வார்கள், பேசிப் பாருங்கள். பாக்கி இல்லை என்ற சான்றிதழ் கைக்கு வந்த பிறகே அந்தக் கவுன்டரை விட்டு நகருங்கள். அறிக்கை திருந்தாவிட்டால் சிபிலில் புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதி. ‘சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது, தவறான பதிவைத் திருத்த நீங்களே போதும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களுமே ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுத்துப் பாருங்கள். லோன் ஆப்களுக்குப் பின்னால் இருக்கும் நிதி நிறுவனங்களின் பெயர்களே உங்களுக்குப் புதிதாக இருக்கும். நீங்கள் அடைத்த கடன் ஏதாவது ஒன்றில் இன்னும் பாக்கியாக நின்றாலும் ஆச்சரியமில்லை.

எழுபதாயிரமா என்று மலைக்க வேண்டாம். இப்படியே போனால் பெரிய வங்கிகள் கையை விரிக்கும், ஏதாவது ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனம் கூடுதல் வட்டிக்குத் தரக்கூடும். 15 லட்சம், 20 ஆண்டு என்று வையுங்கள். 8.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 13,017 ரூபாய். 11 சதவீதத்தில் சுமார் 15,483. இருபது ஆண்டில் வித்தியாசம் மட்டும் 5.9 லட்சத்தைத் தாண்டும்.

அடுத்த தடம் வருமான வரியில் இருக்கிறது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 2023 ஏப்ரல் முதல் இணைய ஆட்டத்தில் ஜெயித்து எடுத்த பணத்துக்கு 194பிஏ பிரிவில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். நீங்கள் ஆடிய கடைசி மாதங்கள் அந்தக் கணக்கில் வருகின்றன. பிடித்த வரியைக் காட்டும் உங்கள் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ரம்மி நிறுவனத்தின் பெயரே அதில் இருக்கலாம். அந்த ஆண்டு வரிக் கணக்கில் அதைக் காட்டாமல் விட்டிருந்தால், கூடுதல் வரியோடு புதுப்பித்த கணக்கு தாக்கல் செய்ய நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. விருதுநகரிலோ சிவகாசியிலோ ஒரு ஆடிட்டரிடம் காட்டிச் சரி செய்யுங்கள். தோற்ற பணத்தைச் சம்பளத்தில் கழிக்க மட்டும் வழியில்லை.

வங்கிக் கணக்குப் பட்டியலைப் பொறுத்தவரை நீங்கள் தப்பித்தீர்கள். கேட்பது ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம்.

அடுத்து நகை. அதை எங்கே அடகு வைத்திருக்கிறீர்கள்? வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ என்றால், தவறாமல் வட்டி கட்டித் திருப்புங்கள். ஒழுங்காக முடித்த கடன் என்று அது உங்கள் அறிக்கையில் ஏற வாய்ப்புண்டு. அடகுக்கடை என்றால் எங்கும் பதிவாகாது. மதிப்பெண்ணை ஏற்ற ஒரு புது கார்டு வாங்கிச் செலவு செய்து கட்டு என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது சரி. உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இனி மனைவி. 27,000 சம்பளத்தில் 13,000 தவணை என்றால் வங்கி யோசிக்கும், அவருடைய வருமானமும் சேர வேண்டும். அப்படியானால் அவர் இணை விண்ணப்பதாரர். இருவரையும் எதிரே உட்கார வைத்து அதிகாரி அறிக்கையைத் திருப்பிக் காட்டி, ‘இந்தக் கார்டு ஏன் சார் இப்படி ஆச்சு?’ என்று கேட்பார். நகையைக் கழற்றிக் கொடுத்தவர் இதை ஒரு அந்நிய மனிதர் வாயால் கேட்க வேண்டுமா? கார்டு வங்கிக்குப் போவதற்கு முன்பே வீட்டில் சொல்லுங்கள். அதிகாரியிடமும் மழுப்ப வேண்டாம். 2020 முதல் 2023 வரை ஆடினேன், நிறுத்தினேன், பாக்கி முழுவதும் கட்டினேன் என்று ஒரு பக்கத்தில் எழுதி, சான்றிதழ்களை இணைத்துக் கொடுங்கள். கடன் கொடுக்கிறவனுக்குத் தெரிந்த தப்பைவிட ஒளித்த தப்புதான் உறுத்தும்.

அச்சகத்தில் அவருக்கு வரும் ரொக்கத்தையும் வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால், மாதாமாதம் வாங்கியதை அதே தேதியில் அவர் கணக்கில் கட்டி, சம்பளச் சீட்டும் வாங்கி வையுங்கள். கார்டை மூடிய பிறகு இப்படி ஒரு வருடம் ஓடட்டும். அதுவரை எந்த வங்கியிலும் விண்ணப்பிக்காதீர்கள். நாலு இடத்தில் கேட்டால் நாலு விசாரணையும் அறிக்கையில் ஏறும்.

அந்த ஒரு வருடத்தில் இடத்து வேலையைப் பாருங்கள். அப்பா எழுதிக் கொடுத்த பத்திரம் இருந்தால் போதாது, பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்பார்கள். 3 சென்ட் என்பது 1,300 சதுர அடி சொச்சம். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது.

கட்டுமானக் கடனில் உங்களுக்கென்றே ஒரு நல்லது இருக்கிறது. பதினைந்து லட்சமும் ஒரே நாளில் கணக்கில் விழாது. பேஸ்மட்டம், லிண்டல், கான்கிரீட் என்று வேலை ஏற ஏறத்தான் விடுவார்கள். அந்தக் கணக்கை இருவர் பெயரிலும் வையுங்கள், செல்போன் செயலி மனைவியின் போனில் இருக்கட்டும். இந்திய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டாலும் வெளிநாட்டுச் செயலிகள் வேறு பெயரில் தூண்டில் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கை அரித்தால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் தொழிலில் தீபாவளி முடிந்தால் சில வாரம் ஆலை மூடிக் கிடக்கும். மழைக் காலத்தில் உலர்த்த முடியாமல் வேலை நிற்கும். 2018-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் கலப்பது குறித்துச் சொன்ன உத்தரவுகள் உங்கள் பக்கத்தை எப்படி உலுக்கின என்பது எனக்கு நீங்கள் சொல்ல வேண்டிய கதை. எனவே ஆறு மாதத் தவணை, அதாவது 78,000 ரூபாயாவது தனியாக ஒரு வைப்பில் சேர்ந்த பிறகே கடனில் கையெழுத்துப் போடுங்கள். இந்த வருட போனஸில் ஆரம்பிக்கலாம்.