பிரிந்த பிறகும் அதே ஊரில்

சிம்பாங் அம்பாட் போன்ற ஊரில் காதல் முறிந்த இருவர் கண்ணில் படாமல் வாழ முடியாது. பத்து காவான் தொழிற்சாலை பஸ்ஸிலோ, பசார் மாலாமிலோ, கோயில் திருவிழாவிலோ எதிர்ப்பட்டே தீருவார்கள். அதனால் கௌரவமாகப் பிரிவது என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அவர் இந்த ஊரில் பயமில்லாமல் நடமாட வேண்டும்.

செய்யக்கூடாதவை

• "ஒரே ஒரு தடவை பேசணும்" என்று ஷிப்ட் முடியும் நேரத்தில் வாசலில் போய் நிற்காதீர்கள். பின்னால் சுற்றுவதைக் காதல் என்று நம் சினிமா வெகுகாலம் காட்டிவிட்டது. நிற்பவருக்கு அது ஏக்கம். உள்ளேயிருந்து வெளியே வரத் தயங்குபவருக்கு அது பயம். 2023 மே 31 முதல் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவில் இப்படித் திரும்பத் திரும்பச் செய்வது குற்றம். பயமோ வேதனையோ உண்டாகும் என்று தெரிந்தே பின்தொடர்வது, வீட்டருகே சுற்றுவது, ஓயாமல் செய்தி அனுப்புவது எல்லாம் அதில் அடங்கும். இரண்டு தடவை செய்தாலே போதும். 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

• அவருடைய தங்கச்சியையோ தோழியையோ தூது அனுப்பாதீர்கள்.

• பழைய படங்களை வைத்து மிரட்டாதீர்கள். அழித்துவிடுங்கள்.

• "செத்துடுவேன்" என்று அவருக்கு எழுதாதீர்கள். அந்த எண்ணம் உண்மையாகவே வந்தால் வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். பினாங்கு பெஃப்ரண்டர்ஸ் தொண்டூழியர்களிடமும் தொலைபேசியில் பேசலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்க அஞ்ச வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• தாலி கட்டும் முன்பே ரெஜிஸ்டர் செய்துகொண்ட ஜோடிகள் நம்மிடையே நிறைய. அப்படிச் செய்திருந்தால், ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாவிட்டாலும் சட்டத்துக்கு நீங்கள் கணவன் மனைவி. 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டப்படி, பதிவாகி 2 ஆண்டு கழிந்த பிறகு இருவரும் சம்மதித்துக் கூட்டு மனு போடலாம். அந்த வழியில் யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கோபத்தில் கையெழுத்தை இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் தடைபடுவது அவர் மறுமணம் மட்டுமல்ல, உங்களுடையதும்தான். நாள் வந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். நான் மதிக்கும் பெருந்தன்மை இதுதான்.

• மோட்டார், காடி கடன் யார் பெயரில், யார் ஜாமீன் என்று பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மனக்கசப்பு ஆறிய பிறகும் தவணை வந்துகொண்டே இருக்கும்.

• நகையையும் பொருள்களையும் இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவர் வழியாக ஒரே தடவையில் திருப்பிக் கொடுங்கள்.

• உறவினர் துருவிக் கேட்டால், "ஒத்து வரல, பேசிப் பிரிஞ்சிட்டோம்" என்பதோடு நிறுத்துங்கள். குறிப்பாகப் பெண்ணின் பெயரை ஊர் வாயில் போடாதீர்கள்; நம் சமூகம் இன்னும் அவள் மேல்தான் முதலில் பாய்கிறது.

• எதிரே வந்தால் தலையசைத்துவிட்டு நகருங்கள். அவர் கல்யாணப் பத்திரிகை வந்தால், மனம் ஒப்பினால் போங்கள்; ஒப்பாவிட்டால் வீட்டில் இருங்கள், அதில் குறையொன்றும் இல்லை.