முதுமையில் எலும்பு காக்கும் பயிற்சி

முதுமையில் முதுகு வளைகிறது, முழங்கால் நோகிறது. "பாரம் தூக்காதீர்கள், ஓய்வெடுங்கள்" என அன்பினால் அறிவுரை கூறுகின்றோம். அது முற்றும் பொருந்துமா என்பதை ஈண்டுக் காண்போம்.

எலும்பு உயிரற்ற தூண் அன்று. பழையது கரைதலும் புதியது படிதலும் அதனுள் ஓயாது நிகழ்கின்றன. தாங்கும் சுமைக்கேற்ப எலும்பு தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892ஆம் ஆண்டு நூலெழுதினார். விண்வெளியில் பல மாதங்கள் எடையின்றித் தங்குவோர்க்கு எலும்பு மெலிவது இதற்குச் சான்றாகும்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வு 2018இல் வெளிவந்தது. எலும்படர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் 101 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வாரம் இருமுறை, 30 நிமிடம், பயிற்சியாளர் மேற்பார்வையில் கனத்த எடை தூக்கினர். மற்றவர் இல்லத்தில் எளிய பயிற்சி செய்தனர். 8 மாதங்களில் முன்னவர்க்கு இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடிற்று, பின்னவர்க்கு 1.2 விழுக்காடு குறைந்தது.

மூட்டுத் தேய்வுக்கும் இது பொருந்தும். தொடைத்தசை வலுப்பெறின் முழங்கால் வலி தணியும். நாற்காலியிலிருந்து கையூன்றாது எழுந்தமர்தல் நல்ல தொடக்கம். எனினும் எலும்பு முறிந்தவரும் மூட்டு வீங்கியவரும் மருத்துவரைக் கேளாது தொடங்கலாகாது. கனத்த எடையைத் தனியே தூக்குதலும் கூடாது.

முதியோர் கையிலிருந்து எல்லாச் சுமையையும் பறித்தல் அன்பாகாது. தாங்கத்தக்கதைத் தாங்கத் துணைநிற்பதே இளையோர் கடமை.