பழைய மோட்டார் வண்டியின் அடிச்சட்டம்: அதன் பிறப்பிடத்தைக் கண்டறியும் முறை

புனே நகரின் ஜூனா பஜார் போன்ற பழம்பொருட் சந்தைகளிலும், தக்காணத்துப் பழைய மாளிகைகளின் வண்டிக் கொட்டில்களிலும் துருவேறிய இரும்புச் சட்டம் ஒன்று கிடப்பதுண்டு. நீண்ட இரு பக்கத் தண்டுகள், அவற்றைப் பிணைக்கும் சில குறுக்குத் தண்டுகள், தப்பித் தவறி ஓர் அச்சு, இவ்வளவே எஞ்சியிருக்கும். இஃது எந்த நாட்டில், எந்தத் தொழிற்சாலையில், எந்த ஆண்டில் பிறந்தது என்று வினவினால், அருகில் நிற்பவர் சிறிதும் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அப்பெயர் ரோல்ஸ் ராய்ஸ் என்பதாகவே இருக்கும்!

இச்சட்டத்தைக் கலைச்சொல் அகராதிகள் அடிச்சட்டம் என்று வழங்குகின்றன. பட்டறைத் தொழிலாளியோ அதனைச் சேஸ் என்றே அழைக்கிறார். அவரிடம் சென்று அடிச்சட்டத்தைக் காட்டுமாறு கேட்டால் விழிப்பார். ஆதலின் களப்பணியாளர் இரு சொற்களையும் அறிந்திருத்தல் நலம்.

இந்த ஆராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. 2021-ஆம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கெனத் தனிப் பதிவுமுறை ஏற்படுத்தப்பட்டது. அடிச்சட்டமோ மேற்கூடோ இயந்திரமோ பெரிதும் மாற்றப்படாதிருத்தல் அதற்குரிய நிபந்தனையாகும். சட்டம் வேறு வண்டியினுடையது என்று தெரிந்தால் பாட்டனார் காலத்து வண்டிக்கும் பதிவு கிட்டாது போகலாம். களவு வழக்காயின், நேர்மையாக விலைகொடுத்து வாங்கியவரே குற்றவாளியாகக் கருதப்படவும் கூடும்.

முதலில் 'பிறப்பிடம்' என்ற சொல்லைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-இல் பம்பாய்ச் சிவ்ரியில் வண்டிகளைப் பூட்டி இணைக்கும் ஆலையொன்றைத் தொடங்கிற்று. போர்டு நிறுவனத்தின் இந்தியக் கிளை 1926-இல் அமைந்தது. அது கனடா நாட்டுப் போர்டுக்கு உட்பட்டது. இவ்வண்டிகளின் உறுப்புக்கள் கடல் கடந்து பெட்டிகளில் வந்து இங்கே பூட்டப்பட்டன. ஆகவே, வரைந்த நாடு ஒன்று, வார்த்த நாடு மற்றொன்று, பூட்டிய ஊர் பம்பாய் என்றிருத்தல் இயல்பே. விலையுயர்ந்த வண்டிகளிலோ அடிச்சட்டத்தை ஒரு தொழிற்சாலையும் மேற்கூட்டை வேறொரு கூடு கட்டுவோரும் செய்தனர். எனவே மேற்கூட்டில் உள்ள பித்தளைத் தகடு கூட்டைப் பற்றியே பேசும்; சட்டத்தைப் பற்றி அதனிடம் சாட்சியம் கேட்பது தவறு. மேலும், தகடு என்பது இரண்டு திருகுகளைக் கழற்றினால் இடம் மாறும் பொருள்.

எண்ணைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. இன்றைய பதினேழு எழுத்தெண் கொண்ட அடையாள எண் பிற்காலத்தது. அமெரிக்காவில் அது 1981-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தே நிலைபெற்றது. அதற்கு முன்னர் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒவ்வொரு வழக்கம். போர்டு டி மாதிரி வண்டியில் இயந்திர எண்ணே வண்டியின் எண். 1926-ஆம் ஆண்டு மாதிரி வரும் வரையில் சட்டத்தில் எண் பொறிக்கப்படவில்லை. இயந்திரத்தை மாற்றிவிட்டால் அவ்வண்டி தன் பெயரையே இழந்ததாகும். அதனை அடுத்து வந்த ஏ மாதிரியில் இயந்திரத்தின் எண்ணே இடப்பக்கத் தண்டின் மேற்புறத்திலும் இரு முனைகளிலும் நட்சத்திரக் குறியுடன் பொறிக்கப்பட்டது. மேற்கூடு இருக்கும்போது அது கண்ணுக்குப் புலப்படாது. எனவே கூடிழந்த சட்டம் சில வேளைகளில் முழு வண்டியைக் காட்டிலும் மிகுதியாகப் பேசும். எண்ணின் முன் ஏ என்ற ஆங்கில எழுத்து மட்டும் இருப்பின் அமெரிக்கா. அதற்கு முன் சி என்ற எழுத்தும் சேர்ந்திருப்பின் கனடா.

எண் கிடைக்கவில்லையெனின் அளவுநாடாவை எடுக்க வேண்டும். முன் சக்கர மையத்திற்கும் பின் சக்கர மையத்திற்கும் இடைப்பட்ட நீளத்தைத் தூக்குக்குண்டின் உதவியால் தரையில் குறித்து அளக்கலாம். ஆசிரியர்கள் இதனைப் பள்ளி வாயிலில் நிற்கும் எந்த வண்டியைக் கொண்டும் மாணவர்க்குச் செய்து காட்டலாம். டி மாதிரிக்கு இந்நீளம் 100 அங்குலம் (254 செ.மீ.), ஏ மாதிரிக்கு 103½ அங்குலம், 1927-ஆம் ஆண்டுச் செவர்லேக்கு 103, 1928-ஆம் ஆண்டுச் செவர்லேக்கு 107. தொய்ந்து வளைந்த பழஞ்சட்டத்தில் அரை அங்குல வேறுபாட்டை நம்பித் தீர்ப்புக் கூற இயலுமா? இயலாது. அங்கே கமான் பட்டையைப் பார்க்க வேண்டும். போர்டின் இவ்விரு மாதிரிகளிலும் முன்னும் பின்னும் ஒவ்வொரு பட்டை வண்டிக்குக் குறுக்காக அமைந்திருக்கும். செவர்லேயிலோ நான்கு மூலைகளிலும் நீளவாக்கில் அமைந்திருக்கும். பட்டைகள் அகன்று போயிருப்பினும் அவை பொருந்திய இடங்களும் ரிவெட்டுத் துளைகளும் எஞ்சியிருக்கும்.

மரைகளும் நாட்டைக் காட்டும். 1841-இல் விட்வொர்த் வகுத்த பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. பல்லுள்ள சிறு மரை அளவி ஒன்று இதனை நொடியில் தெரிவிக்கும். இங்கும் ஒரு பொறி உண்டு. பிரிட்டிஷ் வண்டியாகிய மாரிஸின் இயந்திரங்களில் மெட்ரிக் மரை காணப்படும். போல்ட்டின் தலையோ விட்வொர்த் அளவினது. அவ்வியந்திரங்களைச் செய்த ஆலை பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் நிறுவனத்தினுடையதாக இருந்ததே காரணம். தரைப்பலகைத் துண்டில் சதுரக் குழியுள்ள திருகு ஒட்டியிருந்தால் அது பெரும்பேறு. ராபர்ட்சன் என்பவர் கனடாவில் உருவாக்கிய அத்திருகைக் கனடா போர்டு ஆலை மிகுதியாகப் பயன்படுத்தியது.

எண் அரத்தால் தேய்க்கப்பட்டிருப்பின் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. எஃகின்மீது முத்திரை அச்சை அறையும்போது, எழுத்தின் பள்ளத்திற்குக் கீழேயும் உலோகப் படிகங்கள் நசுங்கிக் குலைகின்றன. மேற்பரப்பைத் தேய்த்து எழுத்தை அழித்தாலும் அக்குலைவு எஞ்சி நிற்கும். செம்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால் குலைந்த பகுதியும் குலையாத பகுதியும் வெவ்வேறு விதமாக அரிக்கப்பட்டு எழுத்து மீண்டும் தோன்றும். ஆனால் அவ்விடம் பற்றவைப்புச் சுடரால் செந்நிறமாகச் சுடப்பட்டிருந்தால் படிகங்கள் புதிதாக அமைந்து, எழுத்து நிலையாக மறைந்துவிடும். எழுத்தை உலோகத்தோடு சேர்த்து வார்த்திருப்பினும் இம்முறை பயன்படாது. அங்கே நசுங்குதல் நிகழவில்லையன்றோ?

இச்சோதனையைக் களப்பணியாளர் தாமே செய்தல் கூடாது. அமிலம் தோலையும் கண்ணையும் கெடுக்கும். பிழையாகத் தடவினால் சான்றும் அழியும். தடய அறிவியல் ஆய்வகத்திற்கே அதனை அனுப்ப வேண்டும். மத்திய ஆய்வகங்களுள் ஒன்று புனேயிலேயே உள்ளது. அனுப்பும் வரை கம்பித் தூரிகை, உப்புத்தாள், மணல் வீச்சு ஆகியவற்றை அச்சட்டத்தின் அருகே கொண்டுவரலாகாது. சட்டத்தைப் புதுப்பிக்கும் ஆர்வத்தில் முதல் நாளே மணல் வீசி, பளபளக்கும் கருஞ்சாயமும் பூசிவிடும் உரிமையாளர் பலர். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். துருவின்மீது எண்ணெயை மெல்லத் தடவி ஓரிரவு ஊறவிட்டுத் துணியால் ஒற்றி எடுத்து, மாலை வேளையில் கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துத் தண்டின் மேற்புறத்தைப் பார்த்தால், பகலில் காணாத எழுத்துக்கள் நிழல் விழுந்து புலப்படும்.